‘எங்கே’ என்ற கட்டம்

கரியாலூர்
28-12-2024

ஜெயப்பிரகாசுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேன், பார்த்தால் தெரியும். அப்பா காரியத்தன்று நீ பந்தியிலிருந்து எழுந்து போனதோடு உன்னிடம் பேசுவதில்லை என்று இருந்தேன். இன்னும் பத்து வருஷமும் அப்படியே இருந்திருப்பேன். ஆனால் சந்தோஷைக் காணவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்து வேலைக்கு ஆள் எடுக்க வண்டிகள் வந்தன. ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் ஏறிப் போனார்கள். நம் வீட்டுக் கடைக்குட்டியும் போனான். இருபது வயசுப் பிள்ளையைக் கட்டியா வைக்க முடியும்? போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்றான். பண்ணவில்லை. புயலில் சாய்ந்த டவரை இன்னும் நிமிர்த்தவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மலை இறக்கத்து வளைவில் கொஞ்சம் சிக்னல் வரும் அல்லவா, அங்கே போய் நின்று நானே கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொல்கிறாள். தினமும் சொல்கிறாள்.

அப்போதும் எனக்குப் பெரிய பயம் இல்லை. எல்லாம் போனில் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். நம் ஆட்கள் சிலர் போன இடம் தெரியாமல் மாட்டிக்கொண்டு தவித்ததற்குப் பிறகு, நம் மலை மக்கள் சங்கம் கேட்டு, நீதான் செயலி செய்து கொடுத்தாய். பெயர், வயசு, ஏஜெண்டு, அவன் நம்பர், வண்டி நம்பர், எங்கே போகிறார் என்று ஆறு கட்டம். மலையை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரையும் சங்கத்துக்காக நான்தான் பதிகிறேன். சந்தோஷையும் பதிந்தேன், என் கையால்.

நேற்று திறந்து பார்த்தால் அவன் இல்லை. அன்று போனவர்களில் ஒருவரும் இல்லை. கடைசி வண்டியில் கடைசியாக ஏறிய ராமசாமி அண்ணன் மட்டும் இருக்கிறார். அவர் போனது கேரளாவுக்கு, வேறு ஏஜெண்டோடு. மற்றவர்கள் எங்கே? யார் எந்த வண்டியில் ஏறினார்கள் என்று நான் மனசில் வைக்கவே இல்லை. போன்தான் வைத்திருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

போலீசில் சொன்னேன். “யாரு இட்டுக்கினு போனது? நம்பர் இருக்குதா? எந்த ஊருக்குன்னாவது தெரியுமா?” என்று கேட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினேன். அம்மா காலையில் எழுந்து பஸ் நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். சோறு கொண்டுபோனால், “அவன் துன்னானா இல்லியான்னே தெரில, எனக்கு மட்டும் எறங்குமாடி?” என்கிறாள்.

என் பதிவுகளை எல்லாம் உன் செயலி என்ன செய்தது? அதைச் சொல். வளைவில் நின்று உன்னோடு பேசினால் சண்டைதான் வரும். சண்டைக்கு எனக்கு இப்போது தெம்பு இல்லை. பஸ் கண்டக்டர் தீனதயாளனிடம் இதைக் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

கலையரசி


கள்ளக்குறிச்சி
29-12-2024

அக்கா,

சந்தோஷ் வேலைக்குப் போனதே எனக்குத் தெரியாது. எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? படித்ததும் இங்கேயும் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தேன். இவர்களும் ஏஜெண்டு நம்பரைத்தான் கேட்கிறார்கள்.

நீ வளைவுக்குப் போகும்போது போனில் இருப்பதெல்லாம் இங்கே எங்கள் சர்வருக்கு வந்துவிடும். அதிலும் பார்த்தேன். அன்றைய தேதியில் ராமசாமி அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் செயலியில் கோளாறு இருக்க வழியில்லை, அக்கா. கொடுப்பதற்கு முன்னால் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டு நானே சோதித்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கூட்டத்தில், அவசரத்தில், ‘சேமி’ பொத்தானை நீ அழுத்தாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் நடப்பதுதான்.

ஒன்று செய். செயலியை முழுக்க மூடிவிட்டுத் திற. ஒரு பெயரைப் போட்டுச் சேமி. மறுபடி மூடித் திறந்து அது நிற்கிறதா என்று பார். ஒரு தரம் போதாது, பல தரம் செய். எல்லாம் நின்றால் செயலி சரி என்று ஆகும். முடிந்தால் போனையே கொடுத்தனுப்பு, நான் பார்க்கிறேன்.

பந்தியிலிருந்து ஏன் எழுந்தேன் என்று உனக்குத் தெரியும். என் பெண்டாட்டி என்றும் பார்க்காமல், மலை ஆள் இல்லை என்று தேவிப்ரியாவுக்கு இலை போடாமல் வாசலிலேயே நிறுத்தினார்கள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

ஜெயப்பிரகாஷ்


கரியாலூர்
31-12-2024

தம்பி,

பொத்தானை அழுத்தவில்லையா? எத்தனை ஆட்களுக்கு எத்தனை மாதமாக அழுத்தியிருக்கிறேன், என் விரலைக் கேள். அழுத்தினதும் பச்சையாக ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும். ஒவ்வொரு ஆளுக்கும் வந்தது. சந்தோஷுக்கும் வந்தது. அது தானாகவா பேசுகிறது? நீ சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்கிறது.

நான் எப்படிப் பதிகிறேன் என்று நீ ஒருநாளாவது வந்து பார்த்தாயா? விடிகிற நேரத்துப் பனியில் விரல் விறைத்துப்போயிருக்கும். ஒரு பக்கம் வண்டிக்காரன் ஆரனை அடிப்பான். இன்னொரு பக்கம் இவர்கள், “சீக்கிரம்க்கா, எடம் பூடும்க்கா” என்று பறப்பார்கள். ஒரு ஆளைச் சேமித்து, கட்டத்தை மூடி, மறுபடி திறந்தால் எல்லாம் துடைத்துவிட்டது மாதிரி வரும். ஏஜெண்டு பெயர், நம்பர், வண்டி, ஊர் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கு எவன் நிற்பான்? நான் மூடவே மாட்டேன். பெயரையும் வயசையும் மட்டும் அழித்து அடுத்தவருடையதைப் போட்டுச் சேமிப்பேன். ஒரே வண்டிக்காரர்களுக்கு மற்றதெல்லாம் ஒன்றுதானே. வண்டி மாறினால் அதையும் மாற்றுவேன். இதில் என்ன குற்றம்?

நீ சொன்னபடி சோதனையும் செய்தேன். மூடித் திறந்து ஒரு பெயர் போடு என்றாய். எனக்கு வேறு எந்தப் பெயர் வரும்? சந்தோஷ் என்று போட்டேன். ‘எங்கே’ என்ற கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டேன் என்று சிவப்பாகக் காட்டியது. ‘தெரியல’ என்று அடித்தேன். அதையும் சேமிக்கப்பட்டது என்றது. மூடித் திறந்தேன், நின்றது. அவன் பெயரைத் திரையில் பார்த்ததும் வயிறு குளிர்ந்துவிட்டது தம்பி. மறுபடி போட்டேன். மறுபடி. நேற்றும் இன்றும் எத்தனை தரம் போட்டேன் என்று எனக்கே தெரியாது. எல்லாச் சந்தோஷும் நிற்கிறான். உண்மையான சந்தோஷைத்தான் காணோம்.

போனை அனுப்ப மாட்டேன். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இது ஒன்றுதான். நான் வளைவில் நிற்கிற நேரம் பார்த்து அவன் கூப்பிட்டு, போன் உன் மேஜையில் பிரித்துப் போட்டுக் கிடந்தால் நான் என்ன செய்வேன்?

அக்கா


கள்ளக்குறிச்சி
2-1-2025

அக்கா,

மேலே படிப்பதற்கு முன்னால் போனை அணைத்து வை. ஒரு பெயரும் போடாதே. சோதனை போதும். அந்தச் சோதனையைச் செய்யச் சொன்னது என் முட்டாள்தனம்.

உன் கடிதத்தில் ‘நான் மூடவே மாட்டேன்’ என்ற இடத்தைப் படித்ததும் செயலியைத் திறந்தேன். நீ செய்கிற மாதிரியே இங்கே செய்து பார்த்தேன். இளமாறன் என்று போட்டுச் சேமித்து, மூடாமல் சந்தோஷ் என்று மாற்றிச் சேமித்தேன். இளமாறன் போய்விட்டான். ராமசாமி என்று மாற்றினேன். சந்தோஷ் போய்விட்டான். திரும்பத் திரும்பச் செய்தேன், திரும்பத் திரும்பப் போனார்கள்.

நடந்தது இதுதான். ஒரு ஆளைச் சேமித்ததும் செயலி அவருக்கு ஒரு எண் கொடுக்கும், பள்ளிக்கூட வரிசை எண் மாதிரி. கட்டத்தை மூடினால் அந்த எண்ணை விட்டுவிடும், அடுத்தவருக்குப் புது எண் எடுக்கும். மூடாவிட்டால் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். இளமாறனை அழித்துவிட்டு நீ சந்தோஷ் என்று அடித்தபோது புது ஆள் வந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியவில்லை. பழைய ஆளின் பெயரைத் திருத்துகிறாய் என்று நினைத்தது. அன்று காலை முழுவதும் நீ ஒரே ஆளைத் திருத்திக்கொண்டிருந்தாய் என்றுதான் அது நினைத்தது. பச்சையாகச் சொன்னதும் பொய் இல்லை. சேமித்தது, ஆனால் முன்னவர் தலைமேலேயே சேமித்தது. சர்வரிலும் அப்படியே மாறிவிட்டது.

நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒழுங்காக மூடித் திறந்து சோதித்தேன். பனியில் ஒருத்தி மூடாமல் அடிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை மாதமாக ஒரு காலைக்கு ஒரு ஆள்தான் நின்றிருக்கிறார். யாரும் தொலையவில்லை, அதனால் யாரும் தேடவில்லை. புது ஆளா, பழைய ஆளா என்று பார்க்க வேண்டிய இடத்தில் நான் பார்க்கவில்லை. உன்மேல் பழி போட்டேன். என்னைச் செருப்பால் அடி, பிறகு. இப்போது நேரம் இல்லை.

ஒரு வழி இருக்கிறது. மேலே எழுதினாலும் அடியில் இருந்தது உடனே முழுசாக அழிந்துவிடாது. போனுக்குள் இருக்கும் கோப்பில் பழைய எழுத்துகள் துண்டு துண்டாக மூலையில் கிடக்கும், புது எழுத்து வந்து அந்த இடத்தைப் பிடிக்கிறவரை. நீ போட்ட ஒவ்வொரு சந்தோஷும் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். போட வைத்தவன் நான்.

சிம்மைக் கழற்றிப் பக்கத்து வீட்டுத் தமிழழகனுடைய பொத்தான் போனில் போட்டுக்கொள். நம்பர் உன்னிடமே இருக்கும். வெறும் போனை மட்டும் தீனதயாளனிடம் கொடு. உன் காலில் விழுகிறேன்.

ஜெயப்பிரகாஷ்


கரியாலூர்
3-1-2025

தம்பி,

போன் இத்துடன் வருகிறது. சாமை மூட்டைக்குள் வைத்திருக்கிறேன், அடி படாது. சிம் தமிழழகன் போனில் இருக்கிறது. காலையும் சாயந்திரமும் வளைவுக்கு நடக்கிறேன்.

என் கையாலேயே அவன்மேல் அவனையே எழுதி அழித்திருக்கிறேன். உன்னைத் திட்டலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை. யாரைத் திட்டி என்ன? திட்டினால் வருவானா?

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? “ஆளு மேல ஆளா ஏறிப் போயி, நம்ம புள்ள அடியில கெடக்குறான்னு தம்பி சொல்றாம்மா” என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப கெளறச் சொல்லுடி. இன்னாத்துக்குக் குந்திக்கினு லெட்டர் எழுதிக்கினுகிறான்?” என்றாள்.

கிளறு தம்பி.

அக்கா


கள்ளக்குறிச்சி
9-1-2025

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

போன் வந்ததும் கோப்பை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். திறந்ததும் நீ போட்ட பெயர்கள்தான் வந்தன. சந்தோஷ், தெரியல. சந்தோஷ், தெரியல. திரை முழுக்க அதுதான். தேவிப்ரியா பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் அழுதாள். நான் அழக்கூட இல்லை, தேடிக்கொண்டே இருந்தேன். பாதிப் பெயர்கள், வால் இல்லாத நம்பர்கள், ஒரு வண்டியின் கடைசி எழுத்து என்று குப்பை குப்பையாக வந்தது. கடைசியில் ஒரு துண்டு ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. சந்தோஷ், இருபது, குடகு, காப்பித் தோட்டம். ஏஜெண்டு நம்பரில் பாதியும் இருந்தது. ‘கிடைச்சிட்டான்’ என்று நான் கத்திய கத்தலில் கீழ்க்கடைக்காரர் மேலே ஓடிவந்துவிட்டார்.

உன்னிடம் சொல்லக்கூட நேரம் இல்லாமல் பஸ் ஏறினேன். குடகில் இறங்கி, தமிழ் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எஸ்டேட் எஸ்டேட்டாகக் கேட்டு அலைந்தேன். நம் ஊர்க்காரர்களைக் கண்டுபிடித்தேன் அக்கா! கூலியாட்கள் தங்கும் லயத்து வாசலில் இளமாறன் துணி துவைத்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு, சந்தோஷ் எங்கேடா என்றேன்.

“சந்தோஷா? அவன் எங்க வண்டில ஏறவே இல்லியேண்ணா. பேர் குடுக்கும்போது எம் பின்னாடி நின்னுக்கினு இருந்தான். அப்புறம் நான் பாக்கல” என்றான்.

நான் நம்பவில்லை. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். சந்தோஷ் குடகுக்கு வரவே இல்லை.

கோப்பில் தவறில்லை. பலமுறை பார்த்துவிட்டேன். சந்தோஷ், குடகு என்று ஒன்றாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் நீ அடித்ததே அப்படித்தான். உன்மேல் பழி போடவில்லை, சத்தியமாக இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், நினைவுபடுத்திச் சொல். அன்று பதியும்போது, எங்கே போகிறாய் என்று அவனிடம் கேட்டாயா?

பக்கத்துத் தோட்டங்களில் ஒருவேளை இருக்கலாம் என்று இன்று சாயந்திரம் மறுபடியும் குடகுக்குப் போகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பதிலை வீட்டில் கொடுக்கச் சொல்.

ஜெயப்பிரகாஷ்


கரியாலூர்
10-1-2025

தம்பி,

இல்லை. கேட்கவில்லை.

நீ இந்த மலையில் பிறந்தவன்தானே? புறப்பட்டு நிற்கிறவனை ‘எங்கே’ என்று எவளாவது கேட்பாளா? கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? அப்பா விறகுக்குப் போகும்போதுகூட அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தெரிந்திருந்தும் அதையே ஒரு கட்டமாகப் போட்டு, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரமும் வைத்து, நிரப்பாமல் விடமாட்டேன் என்று செய்தாய். நான் யாரிடமும் கேட்டதில்லை. வண்டிக்காரனிடம் ஒரு தடவை கேட்டு அடித்துக்கொள்வேன். அந்த வண்டி ஆட்கள் எல்லாருக்கும் அதுவே நிற்கும். மூடாமல் அடிப்பதற்கு விரல் வலி பாதி காரணம். இது மீதி.

அன்று இளமாறனுக்கு அடுத்து நின்றான். நான் போனைப் பார்த்துக்கொண்டே அவன் பெயரையும் வயசையும் போட்டேன். இவனும் அதே வேன்தான் என்று நினைத்தேன். சொந்தத் தம்பி முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் நகர்ந்ததும் அடுத்த ஆள் வந்துவிட்டார். எந்த வண்டியில் ஏறினான் என்று பார்க்கவில்லை. வண்டிகள் திரும்பும்போது ஏதோ ஒன்றிலிருந்து அவன் கை மட்டும் வெளியே ஆடியது. நானும் கையாட்டினேன். அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள நீ குடகு வரை போக வேண்டியதாகிவிட்டது.

உன் கடிதம் வந்ததிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் காலைதான் வருகிறது. ஒன்று மட்டும் இருக்கிறது. உபயோகப்படுமா என்று தெரியவில்லை.

‘எங்கே’ என்று கேட்கக்கூடாது என்பதால் நம் வீட்டில் ‘வரும்போது என்ன கொண்டுவருவாய்’ என்றுதான் கேட்போம், உனக்கும் நினைவிருக்கும். அப்படிக் கேட்டால் அவன் திரும்பி வருவான் என்று ஆகிறது. அன்று எல்லாரையும் அப்படித்தான் கேட்டேன். இளமாறன் காப்பித்தூள் என்றான். ராமசாமி அண்ணன் நேந்திரம் சிப்ஸ் என்றார். சந்தோஷ் குனிந்து என் காதுக்குள், “வெல்லங்க்கா. ஒரு வண்டி வெல்லம் கொண்டாரேன். பொங்கலுக்கு நீ கடைக்கே போவாத” என்றான். இவன் ஒருத்தன், தின்கிற நினைப்பிலேயே இருக்கிறான் என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

காப்பிக்குப் போனவன் காப்பித்தூள் என்றான். கேரளாவுக்குப் போனவர் சிப்ஸ் என்றார். அப்படியென்றால் வெல்லம் எங்கே காய்ச்சுகிறார்கள் தம்பி? குடகிலா?

இதற்கு உன் செயலியில் கட்டம் இல்லை.

அக்கா


கள்ளக்குறிச்சி, அரசு ஆஸ்பத்திரி
13-1-2025

அக்கா,

சந்தோஷ் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். முதலில் அம்மாவிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

உன் கடிதம் வந்தபோது நான் குடகில் இருந்தேன். தேவிப்ரியா பிரித்துப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். “உங்க அக்கா லெட்டர நான் பிரிச்சிட்டேங்க, அப்புறம் திட்டிக்கோங்க. வெல்லம் காய்ச்சுறது நம்ம பக்கந்தாங்க. பொங்கலுக்கு மலையாளுங்கள எறக்கி வேல வாங்குவாங்க. நீங்க அங்க இன்னா பண்ணிக்கினுகிறீங்க? பொறப்பட்டு வாங்க” என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான்தான்.

நான் வந்து சேர்கிறவரை அவள் காத்திருக்கவில்லை. அவள் அப்பா நைனார்பாளையத்தில் கரும்பு போடுகிறவர் அல்லவா, அவரையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். தியாகதுருகம் பக்கம் ஒரு வெல்லக் கொட்டகையில் கரும்பு பிழிகிற மெஷினில் மலைப் பையன் ஒருவனுக்குக் கை மாட்டிக்கொண்டது, கொட்டகைக்காரன் பூட்டிவிட்டுப் போய்விட்டான் என்று அவர் காதுக்கு வந்திருந்தது. அவ்வளவு கேட்டதும் இவள் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சந்தோஷ் என்று யாரும் இல்லை என்றார்கள். கொட்டகைக்காரன் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வேறு ஏதோ பெயர் கொடுத்துச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். பெயரை விடுங்கள், கை அடிபட்ட பையன் எங்கே என்று கேட்டுக் கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறாள்.

அவளை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. “அண்ணி” என்றானாம். அப்பா காரியத்தன்று வாசலில் நின்றவளுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன் ஒருத்தன்தான். எனக்கே இன்றுதான் தெரியும்.

இந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் நான் தினமும் டீ குடிக்கிறேன் அக்கா. உன் முதல் கடிதத்தைப் படித்ததும் இந்த டீக்கடை பெஞ்சில்தான்.

கொஞ்ச நாள் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். கையைக் காப்பாற்றிவிட்டார்கள். விரல்கள் சில போய்விட்டன. புண் ஆறுகிறது, ஜுரம் விட்டுவிட்டது, இட்லி சாப்பிடுகிறான். அவன் போன் மெஷினடியிலேயே நொறுங்கிவிட்டது. நினைவு வந்ததும் நர்ஸிடம் போன் வாங்கி உன் நம்பரைப் போட்டிருக்கிறான். டவர் இல்லாத மலைக்கு யார் கூப்பிட்டாலும் என்ன வரும்? தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வந்திருக்கிறது.

“ஏண்டா, வேற யார்கிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமேடா. உன் பேரையாவது சரியா சொல்லியிருக்கலாமேடா” என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இன்னாத்துக்குண்ணா? அதான் அக்கா என்னிய போன்ல ஏத்திச்சே. பச்சையா வந்துச்சே, நானே பாத்தேன். நீ பண்ண ஆப்புதான? எப்பிடியும் அதப் பாத்துக்கினு வந்துருவீங்கன்னு படுத்துக்கினு இருந்தேன்.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தெருவெல்லாம் போகிப் புகை. கண் எரிவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது.

கோளாறைச் சரிசெய்துவிட்டேன். ஒரே ஒரு வரிதான். இனிமேல் நீ மூடாவிட்டாலும் ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாக நிற்பார்கள். நீ போட்ட சந்தோஷ்களை நான் அழிக்கவில்லை. அழிக்க மனசு வரவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா.

ஜெயப்பிரகாஷ்


கரியாலூர்
13-1-2025

அன்புள்ள தம்பிக்கு,

தீனதயாளன் கடைசி பஸ்ஸைக் கிளப்பாமல் எனக்காக நிற்கிறார். அதனால் நாலு வரிதான்.

அம்மாவிடம் சொன்னேன். பஸ் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்ததும், “சோறு இருந்தாப் போடுடி” என்றாள். நாளை முதல் பஸ்ஸில் இறங்குகிறோம். பொங்கலன்று வீட்டில் உலை வைக்காமல் மலையை விட்டு இறங்குவது நமக்கு இதுதான் முதல் தடவை. தேவிப்ரியாவிடம் சொல், உலை அவள் வீட்டில் வைக்கட்டும். இலை போட்டால் நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவள் என்னை வாசலில் நிறுத்தினாலும் நிற்பேன். நின்றுதான் ஆக வேண்டும்.

நான் ஏற்றியது நிற்கவே இல்லை என்று சந்தோஷிடம் நீ சொல்லிவிடாதே. முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் பெயர் போட்டேன் என்பதையும் சொல்லாதே. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன். அதை வேறு யாரும் சொல்லக்கூடாது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டேன். எல்லாம் எழுதியிருக்கிறாய், ஒன்றை மட்டும் விட்டிருக்கிறாய். தெரிந்தேதான் விட்டிருக்கிறாய். கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்றே இருந்து நான் பட்டது போதும். இனிமேல் எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்பேன். உன்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எந்தக் கை, தம்பி?

அக்கா